பாசிங் ஏறினால் விழும் முள்

வாரம் முழுக்கக் கிரிசாந்தோ தனியாகப் போனால் கார் தங்கம். ஞாயிறு காலை, மாதா கோயிலுக்குப் போகும் வழியில், ஊரார் மரியாதையாக 'ஆலிங்' என்றழைக்கும் பக்கத்து வீட்டுப் பாசிங் ஏறினால் மட்டும் வேகம் காட்டும் முள் பொத்தென்று பூஜ்ஜியத்தில் விழும். சந்தியில் வேகம் குறைத்தால் எஞ்சினும் அணைந்துவிடும். போன ஞாயிறு கரும்பு லாரி ஒன்று மயிரிழையில் விலகிப் போனது.

"புருஷனை முழுங்கினவ, காரையும் முழுங்கப் போறா," என்றாள் மனைவி லோலெங். "இனி அவங்களை ஏத்தாதீங்க."

முட்டிவலிக்காரி பாசிங். இந்தக் காரை விட்டால் பூசைக்குப் போக அவளுக்கு வேறு வழியில்லை. மனம் கேளாமல் கிரிசாந்தோ காரை டெம்யோங்கின் பட்டறைக்கு ஓட்டினார்.

"புது வேக சென்சார் போட்டு ஒரு வாரம்தானே ஆச்சு, குயா!" என்று அண்ணன் முறை வைத்துச் சொல்லித் தலையைச் சொறிந்தான் டெம்யோங். முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கிச் சுழலவிட்டான். முள் சமர்த்தாக நாற்பதைத் தொட்டது. வயரை ஆட்டினான், இழுத்தான். முள் நாற்பதை விட்டு அசையவில்லை.

கிரிசாந்தோ தயங்கித் தயங்கிப் பாசிங் விஷயத்தைச் சொன்னார்.

"அப்போ அவங்களையும் கொண்டுவந்து மாட்டிப் பார்த்துடுவோம்," என்று சிரித்தான் டெம்யோங்.

பாசிங்கைச் சந்தைக்கு அழைத்துப் போகிறோம் என்று ஏற்றிக்கொண்டார்கள். காலை நீட்ட இடம் வேண்டுமென்று வழக்கம்போல முன்சீட்டில் அவள், பின்னால் டெம்யோங். கொப்பரை ஆலை வளைவில் கார் சரேலென்று திரும்பியது. முள் விழுந்தது. ஜெபமாலையைப் பிடித்திருந்த பாசிங்கின் கை வெளுத்திருந்தது.

சாபமேதானோ? கிரிசாந்தோவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அவளைச் சந்தையில் இறக்கியதும் டெம்யோங் முன்சீட்டுக்கு முன்னால் கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட்டைத் தூக்கினான். சென்சார் வயர்கள் சேரும் இணைப்பு அங்கே நசுங்கிக் கிடந்தது. அதன்மேல் செருப்புக் குதியின் தடம்.

"சென்சார் பாவம், குயா. வளைவுக்கு வளைவு அவங்க இதை மிதிக்கிறாங்க."

"எதுக்குய்யா மிதிக்கணும்?"

டெம்யோங் இணைப்பைச் சரிசெய்து, காலுக்கு எட்டாமல் மேலே கட்டினான். பிறகு பாசிங்கின் இடத்தில் தானே உட்கார்ந்தான். "வழக்கமா ஓட்டுற மாதிரி ஓட்டுங்க."

அதே வளைவு. டெம்யோங்கின் கால் தானாக நீண்டு தரையை ஊன்றியது.

"என்னடா பண்றே?"

"பிரேக் போடுறேன், குயா! இல்லாத பிரேக்!"

கிரிசாந்தோ காரை ஓரம் கட்டினார். பாசிங்கின் கணவர் போனது இதே வளைவில், பேருந்து கவிழ்ந்து. ஊரே அறியும். கிரிசாந்தோவுக்கு மட்டும் அது ஒருநாளும் நினைவுக்கு வந்ததில்லை.

ஞாயிறு வந்தது. "அவங்க வளைவுல பயந்து காலை ஊன்றினாங்க. நான்தான் பறந்திருக்கேன்," என்று மட்டும் மனைவியிடம் சொல்லியிருந்தார். கொப்பரை ஆலை தெரிந்ததுமே வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்த ட்ரைசைக்கிள்காரன் ஒலியெழுப்பி, "சவ ஊர்வலமா தாத்தா?" என்று கத்திக்கொண்டே முந்திப் போனான். முள் இருபதில் நின்றது. பாசிங்கின் கால் மடங்கியபடியே இருந்தது.

"கார் சரியாயிடுச்சா, சாந்தோ?"

"ஆயிடுச்சு, ஆலிங். ஓட்டுறவனும் கொஞ்சம்."

வாழையிலையில் சுற்றிய சுமான் அரிசிப் பலகாரம் ஒன்று பின்சீட்டிலிருந்து பாசிங்கிடம் நீண்டது. "பூசை முடிஞ்சதும் சாப்பிடுங்க," என்றாள் லோலெங், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு.