நெம்பி நிமிர்த்திய காது

இத்தாலியின் பெர்கமோவில் சைக்கிள் போட்டி தொடங்க இருபது நிமிடம் இருக்கும்போது, சில்வானோவின் சைக்கிளை எவனோ தட்டிவிட்டுப் போய்விட்டான். பின்சக்கரத்தோரம் தொங்கும் கியர் மாற்றும் கருவி உள்பக்கம் சாய்ந்து, சக்கரக் கம்பிகளை உரசுவதுபோல் நின்றது.

மெக்கானிக் ஒத்தோரினோவுக்கு அறுபது வயது. அவர் தொழிலுக்கு வந்த புதிதில் கியர் மாற்றியை ஒரு தகட்டில் கோர்த்து, சக்கர அச்சோடு சேர்த்து முடுக்குவார்கள். பிறகு அதைத் தாங்கும் சிறு துண்டை, அதாவது காதை, சைக்கிளின் இரும்புச் சட்டத்தோடு ஒட்டியே செய்தார்கள். வளைந்தால் நெம்பலாம், எத்தனை தடவையானாலும் இரும்பு பொறுத்துக்கொள்ளும். இப்போது எல்லாம் அலுமினியம். காது தனியாக வருகிறது, திருகி மாட்ட வேண்டும். அடிபட்டால் சட்டத்தைக் காப்பாற்ற அது முறிந்து விழ வேண்டுமாம். வளைந்ததை நெம்பினால் விரிசல் விடும், தூக்கிப் போட்டுவிட வேண்டும். அவருக்கும் இது தெரியும், தெரியாமல் என்ன?

"காது வளைஞ்சிருக்கே, புதுசு மாத்திடலாமாண்ணே?" என்றான் சில்வானோ. "இன்னைக்கு முதல் பத்துக்குள்ள வரலைன்னா என்னை வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நெம்புனவன்டா நான். போய்த் தண்ணி குடி."

புதுக் காது குழுவின் வேனில் கிடந்தது. எடுத்து வர அவருக்குச் சோம்பல் ஒன்றுமில்லை, கைமேல் அவ்வளவு கர்வம். நெம்பும்போது உள்ளே ஏதோ நெரிந்ததுபோல் இருந்தது. அளவு வைத்துப் பார்த்தார், நேராகத்தான் இருந்தது. விட்டுவிட்டார்.

சில்வானோ மலையுச்சியை முதல் ஆளாகத் தாண்டினான். இறக்கத்தில் ஒரு குழியில் சக்கரம் குதித்தபோது காது முறிந்தது. கியர் மாற்றி கம்பிகளுக்குள் சிக்க, சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. கற்சுவரில் போய் மோதினான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது.

மூன்றாம் நாள் ஒத்தோரினோ ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது அவனே பேச்செடுத்தான். "நான்தான் கியரைத் தப்பா மாத்திட்டேனாம். மேனேஜர் சொல்றாரு. என் புத்தியச் செருப்பால அடிக்கணும்ணே."

ஒத்தோரினோ தலையாட்டிவிட்டு எழுந்து போயிருக்கலாம், யாரும் கேட்கப் போவதில்லை.

"நீ ஒண்ணும் பண்ணலடா. காது ஒடிஞ்சுது. நான் நெம்பினப்பவே விரிசல் விட்டுருச்சு. எனக்குக் கையில தெரிஞ்சுது."

சில்வானோ கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப நான் நல்லாத்தான் ஓட்டியிருக்கேன்."

"நல்லா ஓட்டினடா."

"நல்லாத்தான் ஓட்டியிருக்கேன்," என்றான் மறுபடியும். சிரிப்பதுபோல் உதடு கோணியது. பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"நீங்க போங்க. இனிமே இங்க வராதீங்க."