ஆந்த்ரசைட்டுக்கு அண்ணி சொன்ன தீர்ப்பு

நாக்கில் வைத்துச் சுவைப்பது ஒன்றுதான் பாக்கி. மற்றபடி எல்லாச் சோதனையும் செய்துதான் அந்த வியாபாரி நிலக்கரி வாங்குவான். தொட்டால் விரலில் ஒட்டக் கூடாது, உடைத்தால் கண்ணாடிபோல் மின்ன வேண்டும். அப்படிப் பொறுக்கிய ஆந்த்ரசைட் என்னும் உயர்ரகக் கரி கிடங்கில் மலையாகக் கிடந்தது. உருக்காலை உலைக்கு எலெக்ட்ரோடு என்ற மின்முனை செய்யும் ஆலை அதை எடுத்துக்கொண்டால் பிழைத்தான். இல்லையென்றால் செங்கல் சூளைதான். பட்டுப்புடவையைக் கரித்துணியாக விற்ற கதை.

முடிவு சொல்ல வேண்டிய மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தவள் அவனுடைய அண்ணி. உறவாயிற்றே என்று அவன் தயங்கியபோது ஆலைக்காரர்கள் சிரித்தார்கள்: "அவங்களே பார்க்கட்டும். உங்ககிட்டதான் ரொம்பக் கறாரா இருப்பாங்க."

பிசினில் பதித்து மெருகேற்றிய கரித்தூளிலிருந்து அவள் கண்ணை எடுத்தாள்.

"தம்பி, இதுல முக்காவாசி செத்த கரி. ஆலைக்கு ஆகாது."

மரம் கூழாகி இறுகிய பகுதியைத்தான் ஆலை கேட்கிறது. மண்ணுக்குள் போகுமுன்பே தீயில் கருகிய பகுதி எத்தனை சூட்டிலும் வளைந்துகொடுக்காது. கருகியது பளிச்சென்று தெரியும், கூழானது சாம்பல் நிறமாக. இரும்பு உலைக்கான கோக் தயாரிக்கும் அடுப்புக் கரியை அவள் பல வருஷமாக இப்படித்தான் மணி மணியாக எண்ணி வந்தாள்.

"பளிச்சுனு இருந்தா செத்ததா? எங்க கடையில அதுக்குத்தானே அண்ணி மவுசு."

"கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளைகூடத்தான் பளிச்சுனு இருப்பார்."

"அண்ணனையா சொல்றீங்க?"

"அவர் அன்னிக்கே மங்கலாத்தான் இருந்தார்."

சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். முக்கால்வாசி கருகல் என்றால் ஒரு காடே எரிந்திருக்க வேண்டும். இது கோக் கரியும் இல்லை. பூமிக்கடியில் மிகுதியாக வெந்த கரியில், கூழான பகுதியும் வெளுத்து வெளுத்துக் கருகியதை எட்டிப்பிடித்துவிடும். படித்ததுதான், கை பழக்கத்தின் பின்னால் போய்விட்டது. ஒளியை ஒரே திசையில் அதிரவைக்கும் வடிகட்டியைச் செருகி, மாதிரி இருந்த வட்டத் தட்டை மெதுவாகச் சுழற்றினாள். பளிச்சென்ற மணி மங்கியது. இன்னும் சுழற்றினால் மறுபடி ஒளிர்ந்தது. கருகியது இப்படி மங்கி மங்கி ஒளிராது.

"நான்தான் தப்பா எண்ணிட்டேன். பளிச்சுனு இருக்கறதெல்லாம் முதல் தரம்."

"கையெழுத்துப் போடுங்க, கிளம்பறேன்."

"இருங்க. அப்ப இந்தச் சாம்பல் மணிங்க யாரு? ஒரே சுரங்கத்துக் கரின்னா ஒரே பதமாத்தானே வெந்திருக்கணும்? இதுங்க பாதி வேக்காடு."

வியாபாரி மின்விசிறியை அண்ணாந்து பார்த்தான்.

"லாரியில கொஞ்சம் இடம் இருந்துச்சு. காலியா வரவேணாமேன்னு..."

"கலந்துட்டீங்க."

"அண்ணி, முதல்ல நீங்க எண்ணினப்ப சாம்பல்தானே நல்லது? பளிச்சுக்குப் புதுக் கணக்கு வச்சுக்கங்க, சாம்பலுக்குப் பழைய கணக்கே இருக்கட்டும்."

"ஒரே தராசுக்கு ரெண்டு முள்ளா? எங்க கொட்டினீங்க?"

அவன் யோசித்தான். பழைய கணக்கே நின்றிருந்தால் மொத்தமும் சூளைக்குப் போயிருக்கும். காப்பாற்றியது இந்தத் தட்டு, காட்டிக்கொடுத்ததும் இதுவேதான். ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு போக இது சந்தை இல்லை.

"சுவரோரமா."

"அதை ஒதுக்கிட்டுச் சொல்லுங்க. புதுசா மாதிரி எடுக்க ஆள் அனுப்பறேன். இன்னிக்கு இருக்கறதை இருக்கறபடிதான் எழுதுவேன்."

அவன் கிடங்குக்குப் போன் போட்டான். "சுவரோரக் குவியலைச் சூளைக்கு அள்ளுங்க. பக்கத்துல ஒரு ஆள் அகலத்துக்குச் சேர்த்தே அள்ளிடுங்க. ஆமாய்யா, அது நல்ல கரிதான், ஓரத்துல கலந்திருக்கும். போகட்டும்."