இரண்டு இனிஷியல் பாமா

1999-ஆம் வருஷம் எங்கள் மர்பி டவுன் பாமாவின் கையிலிருந்து எடுத்த ரத்தம், குப்பியில் ஜி. பாமா என்று எழுதினால் ஒரு மாதிரியும் ஆர். பாமா என்று எழுதினால் வேறு மாதிரியும் இருந்தது. ஜி என்பது அப்பா கோவிந்தப்பா, ஆர் என்பது புருஷன் ரெமிஜியஸ். உணவுக்குழாயில் புற்றுநோய் என்று அட்மிட் ஆனபோது ஸ்கூல் சர்டிபிகேட்டைப் பார்த்து அப்பா இனிஷியல் போட்டார்கள். அந்த மார்ச்சில் ஆபரேஷன் செய்து, குழாயை எடுத்துவிட்டு இரைப்பையை மேலே இழுத்துத் தைத்த பிறகு, ரேஷன் கார்டைப் பார்த்து புருஷன் இனிஷியல். நம் ஊரில் எந்தப் பெண்பிள்ளைதான் ஒரே இனிஷியலோடு இருந்திருக்கிறாள், சொல்லுங்கள்!

இந்த ஆபரேஷனுக்குப் பிறகு யார் பிழைக்கிறார்கள் என்று மரபணுவில் தேடிக்கொண்டிருந்த டாக்டர் நிருபமா, நம்பாமல் ஐந்து தடவை ரத்தம் எடுத்தார். ஜி. பாமாவுக்கு மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அப்படி மாறியவர்கள் யாரும் இரண்டு வருஷம் தாண்டவில்லை. ஆர். பாமாவுக்கு மாறவில்லை.

"இதுல நீங்க எந்த பாமா?" என்று கேட்டார்.

"எந்த பாமாவோ, நான் சாகக்கூடாது டாக்டர். எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா."

தங்கை உஷாவுக்குக் காது கேட்காது, பேச்சு வராது. அக்காவும் தங்கையும் சின்ன வயதில் உண்டாக்கிக்கொண்ட கைஜாடை உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. பாமா போய்விட்டால் உஷாவோடு பேச ஆளில்லை.

ஆகவே ஜி-யை ஒழித்துக்கட்டுவது என்று பாமா முடிவு செய்தாள். நோட்டரி, அஃபிடவிட், கெஜட், பாஸ்புக், ஓட்டர் லிஸ்ட் என்று சிவாஜிநகர் வரை ஒரு ஆபீஸை விடவில்லை. "சாஹேப்ரு இல்ல, நாளெ பன்னி" என்று, ஐயா இல்லை நாளைக்கு வா என்பதைக் கன்னடத்தில் சொன்ன குமாஸ்தாவின் எதிரிலேயே உட்கார்ந்து, டாக்டர் சொன்னபடி இரண்டிரண்டு ஸ்பூனாகத் தயிர்சோறு தின்றாள். "நிதானமா வரட்டும், எனக்கு இன்னும் நாலு வேளை சாப்பாடு இருக்கு" என்றாள். அந்த ஆள் கையெடுத்துக் கும்பிட்டு அன்றைக்கே மாற்றிக் கொடுத்தான். ஒவ்வொரு ஜி அடிபடும்போதும் அவள் எடை அரைக் கிலோ ஏறியது.

2001 மார்ச்சில், இரண்டு வருஷம் முடிய ஒரே நாள் இருக்கும்போதுதான் ஓர் இடம் பாக்கி என்று தெரிந்தது: உஷாவின் கை. மீசையை முறுக்கிக் காட்டி மூக்குத்தியைத் தொட்டால் பாமா. மீசை அப்பாவுடையது, அதாவது ஜி. மாற்றிக்கொள் என்று பாமா கேட்டாள், கெஞ்சினாள், கையை ஓங்கக்கூடச் செய்தாள். உஷா முடியவே முடியாது என்று தலையாட்டிவிட்டாள். பெற்ற தாய் மாதிரி வளர்த்த அக்காவின் பெயரை யார்தான் மாற்றுவார்கள்?

மறுநாள் காலையில் ஒரு பாமா பாயில் செத்துக் கிடந்தாள். இன்னொரு பாமா, ஆபரேஷனுக்குப் பிறகு எப்போதும் தூங்குவதுபோல், தலையணைகளில் சாய்ந்து உயிரோடு உட்கார்ந்திருந்தாள். உஷா விடாமல் பிடித்துக்கொண்டதால்தான் ஜி. பாமா காகிதத்தோடு போகாமல் உடம்போடு செத்தாள் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். பக்கத்து வீட்டு லட்சுமம்மா பிணத்தின் காலைப் பிடித்து அழுதுவிட்டு, பாமா போட்டுக் கொடுத்த காபியைக் குடித்தாள். டாக்டர் நிருபமா வந்து, "ஒருவர் காலமானார், ஒருவர் நலம்" என்று எழுதிக்கொண்டு போனார். மத்தியானம் கல்பள்ளி மயானத்தில் அடக்கம் நடந்தது.

மீசை, மூக்குத்தி, மீசை, மூக்குத்தி என்று உஷா சாயங்காலம் வரை அழுதாள். அப்புறம் திரும்பி, உயிரோடு இருந்தவளை ரொம்ப நேரம் பார்த்தாள். உஷாவின் கையில் இந்தப் பெண்பிள்ளைக்குப் பெயரே இல்லை. இத்தனை ஆபீஸிலும் பயப்படாத ஆர். பாமா அப்போதுதான் பயந்தாள்.

உஷா தன் நெஞ்சிலிருந்து வயிறு வரை விரலால் ஒரு கோடு இழுத்தாள், அக்காவின் தையல் தழும்பு போகிற அதே வழியில். பிறகு ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோய், புருவத்தை உயர்த்தினாள்: சாப்பிட்டியா?