ஜெப நோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள்

என் மோட்டார் சைக்கிளுக்காக நான்கு வருடங்களாக ஜெபம் நடக்கிறது. அது நன்றாக ஓட வேண்டும் என்று அல்ல. நான் அதை விட்டுத் தொலைக்க வேண்டும் என்று.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சேலையூரில் ரோஸி அக்கா வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம். அக்காவிடம் ஒரு நோட்டு உண்டு. யாருக்குச் சர்க்கரை, யார் மகளுக்கு வரன் அமையவில்லை, எல்லாம் அதில் இருக்கும். கடைசியாக நான்.

"நம்ம ஜோசலின் டீச்சர் அந்தப் பெரிய வண்டிய விட்டுடணும். அம்பத்தோரு வயசு, தனிக்கட்டை. ஆண்டவர் புத்தி குடுக்கணும்."

பன்னிரண்டு பேரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனாலும் முடிந்ததும், "தேங்க்ஸ்க்கா, நல்லா ஜெபம் பண்ணுங்க" என்று சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவேன். சண்டை போட்டுவிட்டு அடுத்த வெள்ளி எங்கே போவது?

ஐப்பசி மழையில் கேம்ப் ரோட்டில் வண்டி சறுக்கியது. முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். பழக்கடைக்காரரும் இரண்டு ஆட்டோக்காரர்களும் ஓடி வந்து தூக்கினார்கள். "இன்னாமா, உனுக்கு இது தேவையா?" என்று திட்டிக்கொண்டே ஒருவர் சோடா வாங்கித் தந்தார்.

ஊரப்பாக்கத்திலிருந்து என் அண்ணன் தாவீது போனில் குதித்தார். வண்டியை விற்றுவிடு, வாங்குகிற ஆளோடு அடுத்த ஞாயிறு வருகிறேன் என்றார். எனக்கும் அசதி, சரி என்றேன். வண்டியை உறை போட்டு மூடிவிட்டு, பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனேன்.

அந்த வெள்ளி ரோஸி அக்காவுக்கு ஒரே பூரிப்பு. "ஆண்டவர் கேட்டுட்டாரு! ஜோசலின் பஸ்ல வந்திருக்கா!" எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அக்கா பேனாவை எடுத்து என் பெயரை அடித்தார். பிறகு வழக்கம்போலச் சர்க்கரை, வரன், யாருக்கோ ஆபரேஷன். கண்ணை மூடிக் காத்திருந்தேன். கடைசிவரை என் பெயர் வரவில்லை.

உலகத்தில் எனக்காக யாராவது கண்ணை மூடி ஜெபித்தது அந்த ஒரு வரிக்குத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்கு வந்து அழுதேன். சனிக்கிழமை முழுக்கப் போன் அடிக்கவில்லை. யாரும் வரவில்லை, நானும் கதவைத் திறக்கவில்லை.

ஞாயிறு மத்தியானம் அண்ணன் ஆளோடு வந்து நின்றார்.

"மன்னிச்சுக்கங்கண்ணா, விக்கல."

அண்ணன் முகம் சிவந்தது. "திமிரா? நாளைக்கு ரோட்டுல விழுந்து கெடந்தா யாரு பாப்பாங்க?"

குரலை உயர்த்தாமல்தான் சொன்னேன். "ரோட்டுல விழுந்தப்ப மூணு பேர் ஓடி வந்தாங்கண்ணா. நேத்து முழுக்க இந்தக் கதவு திறக்கல. உள்ள விழுந்து கெடந்திருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

அண்ணன் கதவைப் பார்த்தார். வந்தவரை அனுப்பிவிட்டு, "காபி போடு" என்றார். மேல்தட்டிலிருந்து இரண்டாவது டம்ளரை எடுத்துத் தூசி போகக் கழுவினேன்.

அடுத்த வெள்ளி வண்டிச் சத்தம் கேட்டு ரோஸி அக்கா வாசலுக்கே ஓடி வந்துவிட்டார்.

"ஐயோ ஜோசலின், மறுபடியுமா?"

"ஆமாக்கா," என்று ஹெல்மெட்டைக் கழற்றினேன். "நோட்டுல என் பேர எழுதிக்குங்க."