ஆறு வயதுக்காரனின் ஜனாஸா

“பெத்தவன் நான். என்ட மகன் என்ட ஹோல்ல இருந்துதான் எடுபடணும்,” என்று ஜவுபர் கத்தினார்.

“பத்து வருசமா என்ட மகள்ட வீட்டில வாழ்ந்த மனிசன். இஞ்ச இருந்துதான் போவார்,” என்றார் சம்பந்தி முத்தலிப், அவரும் குரலைக் குறைக்காமல்.

நடுவில் அர்ஹமின் மையித்து, வெள்ளைத் துணியில் கிடத்தியிருந்தது. மருதமுனைப் பெண்கள் ஓதுவதை நிறுத்தாமலே காதை மட்டும் இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். ஜவுபரின் மகள் ஹப்ஸா கதவோரம் நின்று தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அர்ஹம் விடிய சுபஹுத் தொழுகைக்கு எழும்பி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன். முப்பத்துமூன்று வயது, ஹாட்வெயார் கடையில் ஆணியும் பெயின்டும் விற்றவன். மனைவி ஆகிலா, புருஷன் மௌத்தானால் பெண் தனித்திருக்கிற இத்தாவில் அறைக்குள் இருந்துவிட்டாள். ஜவுபருக்கோ அவனைச் சாய்ந்தமருது வீட்டு ஹோலில், பியானோவுக்குப் பக்கத்தில் கிடத்த வேண்டும். ஊர் வந்து அந்தப் பிள்ளையைப் பார்க்க வேண்டுமாம்.

எந்தப் பிள்ளை என்று ஊரில் கேட்க ஆளில்லை. நாலு வயதில், கல்முனையில் ஒரு ரீச்சர் வீட்டில் கேட்ட பாட்டை அப்படியே திருப்பி வாசித்தவன். ஆறு வயதில் கொழும்பில் டிவியில் வாசித்துவிட்டு வந்தபோது சந்தியில் மாலை போட்டு இறக்கினார்கள். அதன் பிறகு மூன்று வருடம் அவனுக்கு ஆறு வயதாகவே இருந்தது. அரைக்காற்சட்டையை மாற்ற வாப்பா விடவில்லை. மீசை அரும்பியதும் அழைப்புகள் நின்றன. மாலை போட்ட அதே ஆட்கள், நமக்கெதுக்குப் பியானோ என்று கதைத்தார்கள். ஜவுபர் விடுவாரா? பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மகனோடு ஹோலுக்குள் போவார். அவன் ஓடிவிடாமல் வெளியே பூட்டுகிற வேலை ஹப்ஸாவுக்கு. வாப்பாவின் மர அடிமட்டம் தம்பியின் விரலில் விழுகிற சத்தத்தைத் திறப்பும் கையுமாக நின்று கேட்டவள் அவள்.

கலியாணம் முடித்த பிறகு அர்ஹம் அந்த ஹோலில் கால் வைக்கவேயில்லை. பெருநாளுக்கு வந்தாலும் குசினிப் பக்கத்தால் வந்து, குசினிப் பக்கத்தால் போவான்.

லுஹர்த் தொழுகைக்கு முன் முடிவு சொல்லுங்கள் என்று பள்ளிவாசலிலிருந்து ஆள் வந்தது. ஜவுபர் அழத் தொடங்கினார். அழுகைக்கு முன்னால் முத்தலிப் இளகிப்போனார். வேனுக்கு ஆள் போனது.

அப்போதுதான் ஹப்ஸா வாய் திறந்தாள்.

“வாப்பா, அங்க கொண்டுபோக ஏலா.”

“என்ட வீட்டுக்கு நான் கொண்டு போறன். நீ என்ன கதை கதைக்காய்?”

“அது உங்கட வீடில்ல. கலியாணத்துக்கு எனக்கு எழுதித் தந்த வீடு. நான் திறப்பத் தரமாட்டன்.”

இந்தக் கரையில் வீடு பெண்பிள்ளைக்கு என்பது ஜவுபருக்குத் தெரியாததல்ல. ஆட்களைக் கூட்டிவைத்து எழுதிக் கொடுத்தவரே அவர்தான். பின்னறையில் படுத்துக்கொண்டு பதினைந்து வருடம் “என்ட ஹோல், என்ட ஹோல்” என்று சொன்னதில் அது மறந்துபோயிருந்தது. மகளைப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார்.

லுஹருக்குப் பின் மருதமுனை மையவாடியில் அடக்கினார்கள். கல்நெஞ்சுக்காரி என்று ஹப்ஸாவை இரண்டு ஊரும் பேசின. அவள் புருஷனும் ஒரு கிழமை முகம் கொடுக்கவில்லை.

இத்தா முடிந்து எட்டு மாதத்தில் ஆகிலா நிந்தவூர்க்காரர் ஒருவரைக் கலியாணம் முடித்தாள்; வழக்கப்படி மாப்பிள்ளை பெட்டியோடு மருதமுனைக்கு வந்தார். ஜவுபர் அக்கரைப்பற்றில் தன் தம்பியின் மகள் வீட்டோடு போய்விட்டார். மகளோடு கதையில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஹப்ஸா பஸ்ஸில் கரியரில் சோறு அனுப்புகிறாள். அவர் தின்றாரா, கோழிக்குப் போட்டாரா என்பது விசாரித்தவர்களுக்கும் தெரியவில்லை. கரியர் மட்டும் பின்னேர பஸ்ஸில், கழுவித் துடைத்துத் திரும்பி வருகிறது.