கடைசிப் பதினைந்து நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு றஞ்சித்தின் மானம் போகப் போகிறது. இப்போது காலை பத்தேகால்.

நல்லூரில் கைத்தொலைபேசி திருத்தும் கடை அவனுக்குச் சோறு போட்டது. பேர் வாங்கிக் கொடுத்தது யூரியூப் சனல். பதினோராயிரம் பேர் பார்க்கிறார்கள். தொண்ணூறுகளில் வந்த தமிழ்ப் படங்களைப் பற்றி அவனிடம் இல்லாத அபிப்பிராயமே இல்லை. வில்லன் வீட்டு மாடிப்படி எவ்வளவு அகலமோ அவ்வளவு நாள் படம் ஓடும் என்பான். இரண்டாவது கதாநாயகி நல்ல மனசுக்காரி என்றால் இடைவேளைக்குப் பிறகு அவள் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. வெளிநாட்டில் எடுத்த பாட்டுக்கு எழும்பிப் போய்த் தேத்தண்ணி குடிக்கலாம், மழைப் பாட்டுக்கு அசையக்கூடாது.

"இப்பத்தைக் கதாநாயகன்மார் அழுறாங்களே இல்லை. அப்ப அழுதவங்கள். மூக்கு வடிய அழுதவங்கள்" என்பான்.

அவன் பட்டியலில் ஆறு வருடமாக முதலிடம் 'தோணி வரும் திசை'. ஊரில் பாதிப் பேருக்கு அப்படியொரு படம் வந்ததே தெரியாது. றஞ்சித்துக்கு அதன் கடைசிப் பதினைந்து நிமிடம் வேதம். கடலில் காணாமல் போன அண்ணன், எல்லாரும் கைவிட்ட பிறகு, மஞ்சள் கோடு போட்ட சட்டையோடு முழங்கால் தண்ணீரில் நடந்து கரைக்கு வருவான். தாய் கையில் இருந்த சுளகை எறிந்துவிட்டு ஓடுவாள்.

வியாழக்கிழமை வந்தது வினை. சண்டிலிப்பாயிலிருந்து தர்சிகா என்றொரு பல்கலைக்கழக மாணவி எழுதியிருந்தாள்.

"அண்ணை, முழுப் படமும் என்னட்டை இருக்கு. அண்ணன் உயிரோடை வாறேல்லை, பிணமாத்தான் ஒதுங்கிறான். மஞ்சள் சட்டை படத்திலையே இல்லை. நீங்கள் படம் பார்த்தனீங்களோ, கனவு கண்டனீங்களோ?"

கனவா! சுர்ரென்று ஏறியது றஞ்சித்துக்கு. யோசிக்காமல் தட்டினான்.

"ஞாயிறு நாலு மணிக்கு நேரலையிலை வாறன். நான் சொன்னது பிழையெண்டு வந்தால், அதோடை இந்தச் சனலிலை வாயே திறக்க மாட்டன்."

சனிக்கிழமை அவள் படத்தை அனுப்பிவிட்டாள். பார்த்தான். அலை, கூட்டம், பாயில் சுற்றிய உடல், தாயின் கதறல், வணக்கம். மஞ்சள் நிறத்தில் ஒரு கைக்குட்டைகூட இல்லை.

"ஆர் உங்களை வாய்ச்சவால் விடச் சொன்னது?" மனைவி பிரியந்தினி தோசையைப் புரட்டிக்கொண்டே கேட்டாள். "எங்கடை கலியாணத்துக்கு நான் கட்டின கூறை என்ன நிறமெண்டு கேட்டால் முழிப்பியள். ஆரோ ஒருத்தன்ரை சட்டை நிறம் மட்டும் மறக்கேல்லை."

"நான் பார்த்தனான், பிரியா. சத்தியமாப் பார்த்தனான்."

"எங்கை பார்த்தனீங்கள்?"

"குருநகரிலை, நான் பெடியனா இருக்கேக்கை. தொண்ணூற்றேழாம் ஆண்டு. பேதுரு அண்ணைதான் டெக்கிலை படம் போட்டவர்."

"அந்த மனிசன் உயிரோடைதானே இருக்கிறார்? போய்க் கேளுங்கோவன்!"

மோட்டார் சைக்கிள் குருநகர் இறங்குதுறையில் போய் நின்றபோது, பேதுரு கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கரண்ட் இல்லாத அந்தக் காலத்தில் ரீவி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வைத்துக்கொண்டு ஊருக்கே படம் காட்டியவர். இருட்டினால் ஊரடங்கு என்பதால் எல்லாம் பகல் காட்சி. ஜன்னலுக்குச் சாக்குக் கட்டி இருட்டாக்குவார்.

"பேதுரு அண்ணை, 'தோணி வரும் திசை'க்கு ரெண்டு வீடியோக் கொப்பி வந்ததோ?"

"ஒரு கொப்பிக்கே நாலு பேரைக் கும்பிட்டனான். ரெண்டு வேணுமாம் துரைக்கு!"

"கடைசியிலை அண்ணன் கரைக்கு வாறதை நான் பார்த்தனான்."

"நீ பார்க்கேல்லையடா. கேட்டனீ." ஊசியை வலையில் குத்தி வைத்தார். "ஜெனரேற்றர் நிண்டு போச்சு. மண்ணெண்ணெய் முடிஞ்சுதெண்டு சொன்னன். சனம் கத்தினது. பிறகு ரீவிக்கு முன்னாலை நிண்டு மிச்சக் கதையை நான்தான் சொன்னனான்."

றஞ்சித்துக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அணைந்த ரீவி. அதற்கு முன்னால் ஆடி ஆடிக் கதை சொன்ன இரண்டு கைகள். அலையும் முழங்கால் தண்ணீரும் இருபத்தெட்டு வருடமாக அவனே எடுத்த படம்!

"எண்ணெய் முடிஞ்சது சரி. முடிவை ஏன் மாத்திச் சொன்னனீங்கள்?"

பேதுரு கடலைப் பார்த்தார்.

"எண்ணெய் முடியேல்லை."

"என்ன?"

"அரைக் கலன் கிடந்தது. நான்தான் எண்ணெய்த் திருகைப் பூட்டினனான். முதல் நாள் பண்டத்தரிப்பிலை ஓட்டினபடியால் முடிவு எனக்குத் தெரியும். படம் முடியப் போகேக்கை பார்த்தன், முன் வரிசையிலை உன்ரை அம்மா. உன்ரை அண்ணன் ஜெயதீபனை ஆமி சுற்றிவளைப்பிலை பிடிச்சுக் கொண்டு போய் எட்டு மாசம். அந்த மனிசிக்குப் பிணம் ஒதுங்கிறதைக் காட்டச் சொல்லுறியோ?"

றஞ்சித் ஒன்று மட்டும் கேட்டான்.

"மஞ்சள் கோடு சட்டை?"

"கொண்டு போகேக்கை அவன் போட்டிருந்தது. சொல்ல வெளிக்கிட்டால் வாயிலை அதுதான் வந்திது." பேதுரு மூக்கை உறிஞ்சினார். "செய்தது சரியோ பிழையோ, எனக்கு இண்டைக்கும் தெரியாது. அந்தப் பொய்யை நம்பி அவ எத்தினை வருசம் வாசலைப் பார்த்தாவோ."

ஜெயதீபன் வரவேயில்லை. அம்மா போய் நான்கு வருடம். ஆனால் படம் பார்த்த மறுநாள் விடிய, எட்டு மாதமாகச் சுவரோடு சாய்ந்து கிடந்த அம்மா, மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனாள். அன்று மத்தியானம் வீட்டில் அடுப்பு எரிந்தது. அது றஞ்சித்துக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஏன் என்பதுதான் இத்தனை வருடமாகத் தெரியாமல் இருந்தது.

"அண்ணை, எழும்புங்கோ. நாலு மணிக்கு வேலை இருக்கு."

"கட்டின சாரத்தோடையோடா?"

"சாரத்தோடைதான்."

நான்கு மணி. நானூறு பேர் வந்துவிட்டார்கள், பாதிப் பேர் வேடிக்கை பார்க்க. றஞ்சித் கமராவை நேராகப் பார்த்தான்.

"தங்கச்சி தர்சிகா சொன்னதுதான் சரி. நான் சொன்னது பிழை. 'தோணி வரும் திசை' இண்டையிலிருந்து ஒன்பதாம் இடம். அதுவும் அந்த மழைப் பாட்டுக்காக. முதலாம் இடத்துக்கு வேறை படம். குருநகரிலை ஒருக்கால்தான் ஓடினது, எங்கை தேடினாலும் கொப்பி கிடைக்காது. இனி நான் வாய் திறக்கேல்லை. சொன்னால் சொன்னதுதான்."

போனைப் பக்கத்துக் கதிரைக்குத் திருப்பினான்.

பிரியந்தினி வலுக்கட்டாயமாகத் தலைவாரிவிட்ட பேதுரு, கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தார். கேள்விகள் மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தன. அவர் இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

"எண்ணெய் முடிஞ்சு போச்சு, பிள்ளையள். கத்தாதேங்கோ. மிச்சத்தை நான் சொல்லுறன்."