கூரை விளிம்பின் வெள்ளை விளக்குகள்

வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. உள்ளே ஆரின் ஸ்டக்கி கிறிஸ்துமஸ் வேலையில் மூழ்கிக் கிடக்கிறான். ஒஹாயோவில் ஆகஸ்ட் மாதம், வயலில் மக்காச்சோளம் கூட இன்னும் முற்றவில்லை. ஆனால் கிறிஸ்துமஸுக்கு வீடெல்லாம் விளக்கு கட்டி, கம்ப்யூட்டரை வைத்து அவற்றை ஆட்டுவிக்கிற கூட்டத்துக்கு இதுதான் பருவம். கோடையில் தொடங்காதவன் டிசம்பரில் ஏணிமேல் நின்று அழுவான் என்பார்கள். முதல் வருஷம் சின்னதாகச் செய் என்றும் சொல்வார்கள். ஆரின் முதலாவதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டான்.

சாப்பாட்டு மேசை ஒயருக்கும் பல்புக்கும் அடியில் போய் வாரக்கணக்காகிறது. ஆரினும் பெண்டாட்டி லவானும் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிடுகிறார்கள். கம்ப்யூட்டர் திரையில் அவர்கள் வீட்டின் புகைப்படம். அதன்மேல் கூரை, ஜன்னல், வாசல் என்று எல்லா இடத்திலும் புள்ளி புள்ளியாக விளக்கு வைத்திருந்தான். பாட்டைத் தட்டிவிட்டால் படத்து வீடு அதற்கேற்ப ஆடும்.

"லவான், இங்க வாயேன். கோல்பிக்கு வச்சிருக்கிற விளக்கு வெடியைப் பாரு."

கோல்பி, ஆரினுடைய தங்கை ஜெனலின் மகன். இரண்டு வருஷமாக இந்த வாசல்படியை மிதிக்காத ஜெனல், இந்தக் கிறிஸ்துமஸுக்கு வருகிறோம் என்று சொல்லியிருந்தாள். அன்றைக்குப் பிடித்ததுதான் இந்தப் பைத்தியம்.

லவான் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். டிரம் அடித்தது. கூரை விளிம்பு முழுக்க வெள்ளை விளக்குகள் பளிச் பளிச்சென்று வெட்டின. நிற்கவே இல்லை.

"எப்படி? பையன் வாயைப் பொளந்துட்டு நிப்பான்ல?"

"கொஞ்சம் மெதுவா வைக்கலாமே."

"மெதுவாவா? இது என்ன சாவு வீடா?"

இரண்டு வருஷத்துக்கு முன்னால், நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்தில், இதே மேசையில் குழம்புக் குவளையைப் பிடித்தபடி கோல்பி எங்கேயோ வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குழம்பு மேசை விரிப்பில் வழிந்து, ஆரின் மடியிலும் கொட்டியது. "டேய் தூங்குமூஞ்சி, மண்டையை வீட்லயே வச்சுட்டு வந்துட்டியா?" என்று ஆரின் போட்ட சத்தத்தில் எல்லாரும் பையனையே திரும்பிப் பார்த்தார்கள். ஜெனல் பையனையும் குளிர்கோட்டையும் தூக்கிக்கொண்டு போனவள்தான்.

அடுத்த மாதமே டாக்டர் சொல்லிவிட்டார். வலிப்பு. கீழே விழுந்து துடிக்கிற வகை இல்லை. கொஞ்ச நேரம் பிள்ளை இந்த உலகத்திலேயே இருக்க மாட்டான். ஆனால் வெட்டி வெட்டி எரிகிற வெளிச்சம் பட்டால் பெரிதாகவே வந்துவிடலாம். ஜெனல் இதை லவானிடம் மட்டும்தான் சொன்னாள். "அண்ணன்கிட்ட சொல்லாதீங்க அண்ணி. அவன் கோல்பியைப் பாவமா பாக்கிறது எனக்கு வேண்டாம்." லவான் சத்தியம் செய்தாள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள் என்பது பாதிதான் உண்மை. நீ திட்டியது நோயை என்று புருஷனிடம் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை என்பது மீதி.

திரையில் கூரை இன்னும் வெட்டிக்கொண்டிருந்தது.

"அதை நிறுத்து ஆரின். கோல்பி இதைப் பாக்கக் கூடாது. அவனுக்கு வலிப்பு இருக்கு."

ஆரின் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தினான்.

"எப்பலேர்ந்து?"

"குழம்பு கொட்டினானே, அதுவே அதுதான்."

"உனக்கு எப்ப தெரியும்?"

"அந்த டிசம்பர்லயே."

"அப்ப ரெண்டு வருஷமா தெரியும். ஜெனல்தான் திமிர் புடிச்சவள்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன். நீ பக்கத்துல உக்காந்து கேட்டுட்டிருந்திருக்க."

லவானுக்கு அவமானத்தில் முகம் எரிந்தது.

ஆரின் திரைப்பக்கம் திரும்பி, கூரை விளக்குகளை ஒவ்வொன்றாக அழித்தான். பிறகு ஜன்னலில் இருந்தவற்றை. பிறகு போனை எடுத்து, ஒயர்களுக்கு நடுவே வைத்து, ஸ்பீக்கரைப் போட்டான். எந்த விளக்கு ஆகும், எது ஆகாது என்று கேட்கப் போகிறான் என்று லவான் நினைத்தாள்.

"ஜெனல், லவான் எல்லாத்தையும் சொல்லிட்டா."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"அன்னிக்கு நான் கத்தினேனே... அது அவன் காதுல விழுந்திருக்குமா?"

விழவில்லை என்று சொல்லிவிட மாட்டாளா என்று இரண்டு பேரும் தவித்தார்கள்.

"நீ கத்தினது எதுவும் அவனுக்குக் கேக்கலண்ணா," என்றாள் ஜெனல். "அவனுக்கு நினைவு வந்தப்ப மேசையைச் சுத்தி எல்லாரும் தன்னையே முறைச்சுட்டு இருந்தாங்களாம். எதுக்குன்னு அவனுக்கு இன்னும் புரியல. டிசம்பர்ல அந்த மேசையிலயா உக்காரணும்னு தினமும் கேக்கறான்."

ஆரின் கையெதிரே இருந்த ஒயர்களை ஒதுக்கினான். அடியில் மரம் தெரிந்தது.

"அந்த மேசையே இனி இந்த வீட்ல இருக்காதுன்னு அவன்கிட்ட சொல்லும்மா," என்றான்.

ஜெனல் போனை வைக்கவில்லை.